தேக்குச் சட்டத்தில் பிளைவுட் உட்காரும் காடி: எந்த பிட், எந்த அளவு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டு மரம் விற்கும் கடையிலிருந்து போன வருடம் கொஞ்சம் தேக்குச் சட்டங்கள் வாங்கி வந்தேன். இடித்த வீட்டின் மேற்கூரையில் இருந்தவை. மேலே கரியும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. இழைத்துப் பார்த்தால் உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு அவ்வளவு அழகு. அதில் புத்தக அலமாரிக்கு இரண்டு கதவு செய்வது என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றும் 900 மி.மீ. உயரம், 450 மி.மீ. அகலம். நான்கு பக்கமும் 25 மி.மீ. கனத்தில் 60 மி.மீ. அகலச் சட்டம், நடுவில் 6 மி.மீ. தேக்கு முகப்பு பிளைவுட். சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், எடுத்து, பிளைவுட்டை அதற்குள் இறக்க வேண்டும்.

வேலை சின்னதுதான். ஆனால் இந்தக் காடிக்கு ட்ரிம்மரில் (மரத்தில் பள்ளம் எடுக்கும் கை மின்கருவி) எந்த பிட் (அதில் சுழன்று வெட்டும் அலகு) போடுவது என்பதில் நான் மூன்று முறை முட்டி மோதியிருக்கிறேன். அதனால் இந்த முறை ஒவ்வொரு அளவையும் குறித்துக்கொண்டே செய்தேன்.

முதலில் பழைய தவறு. இதற்கு முன் செய்த செருப்பு அலமாரியில் 6 மி.மீ. பிளைவுட்டுக்கு, பெட்டியில் இருந்த கால் அங்குல பிட்டைப் போட்டேன். ரெண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பு. கால் அங்குலம் 6.35 மி.மீ. பிளைவுட்டோ 5.6 மி.மீ.தான் இருந்தது. முக்கால் மி.மீ. இடைவெளி. கதவைச் சாத்தும் ஒவ்வொரு தடவையும் பலகை காடிக்குள் 'டொக்' என்று அடித்துக்கொள்ளும். பசையை ஊற்றி நிரப்பிப் பார்த்தேன். அவ்வளவு இடைவெளியில் மரப்பசைக்குப் பிடிமானம் இல்லை. அந்தச் சத்தம் இன்றைக்கும் அந்த அலமாரியில் இருக்கிறது.

பிளைவுட்டின் மேல் அச்சடித்திருக்கும் 6, 12, 18 எல்லாம் அந்தப் பலகையின் பெயர் மாதிரி. அளவு வேறு. பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 303. அதன் 1989 பதிப்பே 6 மி.மீ.க்கும் அதற்கு மேலும் 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் கொடுத்தது. அதாவது 6 மி.மீ. பலகை 5.7-லிருந்து 6.3 வரை இருந்தாலும் அந்தத் தரத்துக்குள்தான். 18 மி.மீ. பலகை 17.1 இருக்கலாம், 18.9-ம் இருக்கலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் சாய்ந்திருக்கும் என்பது என் வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) சொல்லும் அனுபவம்.

பக்கத்துப் பட்டறை ஆசாரி அண்ணன் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். "பலகைய வெட்டிட்டு அளங்க தம்பி. முழு ஷீட்ட அளந்து என்ன பிரயோசனம்? காடிக்குள்ள போறது ஓரம் அரை அங்குலம்தான?" அதுதான் சரி. முழு ஷீட்டின் நடுவில் என்ன கனம் என்பது காடிக்கு வேண்டாத கணக்கு. கதவு அளவுக்கு வெட்டிய பிறகு நான்கு ஓரத்திலும் நாலைந்து இடத்தில் அளந்தேன். 5.5, 5.6, 5.6, 5.7, ஒரு மூலையில் மட்டும் 5.75. அதிகமான அளவை எடுத்துக்கொண்டு ஒரு இழை மட்டும் கூட்டி, காடி அகலம் 5.8 மி.மீ. என்று முடிவு செய்தேன். பலகை கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டிய பிடிப்பு. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டித்தான் இறங்கும் என்றால் பசை தடவியதும் மரம் ஊறி இன்னும் இறுகும், பாதியில் நின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. பலகைக்கு மைகா (லேமினேட் தகடு) ஒட்டுவதாக இருந்தால் ஒட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். முன்னால் 1 மி.மீ., பின்னால் 0.8 மி.மீ., நடுவில் பசை என்று சேர்ந்தால் 5.6 மி.மீ. பலகை ஏழரையைத் தொட்டுவிடும்.

5.8 மி.மீ. பிட் என்று கடையில் கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் அடுத்த ஷீட்டுக்கு உதவாது. ஆகவே பலகையை விடச் சின்ன பிட்டை எடுத்து, அகலத்தை கைடால் (ட்ரிம்மரை மரத்தின் ஓரத்தோடு ஒட்டி ஓடவைக்கும் துணைப்பாகம்) உண்டாக்குவது என்ற முடிவுக்கு வந்தேன். 6 மி.மீ. பிட் ஏற்கெனவே பெரிது. 4 மி.மீ. போட்டால் இரண்டாவது ஓட்டத்தில் 1.8 மி.மீ. எடுக்க வேண்டும், செய்யலாம். ஆனால் அவ்வளவு மெல்லிய பிட் 9 மி.மீ. ஆழத்தில் வளைந்துகொடுக்கும். 5 மி.மீ.தான் பொருத்தம்.

அந்த 5 மி.மீ.யிலும் எந்த மாதிரி? என்னிடம் ரெண்டு இருந்தன. ஒன்று கார்பைடு முனை ஒட்டிய நேர் பிட், இரண்டு வெட்டுவாய். இன்னொன்று முழுக் கார்பைடில் முறுக்கு வெட்டுவாய், தூளை மேலே தூக்கித் தள்ளும் வகை. இந்தத் தூக்கு முறுக்கு காடிக்கு நல்லது, ஏனென்றால் குறுகலான பள்ளத்தில் தூள் தங்கிவிட்டால் அதையே திரும்பத் திரும்ப அரைத்து பிட் சூடாகிக் கருகும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: மரத்தை மேல்நோக்கி இழுக்கும்போது தன்னையும் கீழே இழுத்துக்கொள்ளும். காலெட்டில் (ட்ரிம்மரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) பிடி சரியில்லை என்றால் பிட் மெல்ல மெல்ல இறங்கி, ஆரம்பத்தில் 9 மி.மீ. இருந்த காடி முடிவில் 11 ஆகியிருக்கும். என் முறுக்கு பிட்டின் ஷேங்க் (காலெட்டுக்குள் போகும் தண்டு) 6 மி.மீ., ட்ரிம்மரின் காலெட்டோ கால் அங்குலம். இறுக்கினால் இறுகிய மாதிரிதான் இருக்கும். அப்படிப் போடவே கூடாது. 0.35 மி.மீ. வித்தியாசத்தை காலெட் முழுச் சுற்றிலும் கவ்வாது, நிமிடத்துக்கு 30,000 சுற்றில் அந்த பிட் கழன்று பறந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 6 மி.மீ. காலெட் தனியாக வாங்கும் வரை அதைத் தொடவில்லை.

இந்தக் கதவுக்கு நேர் பிட்டையே எடுத்தேன். தேக்கில் மணல் சத்து, அதாவது சிலிக்கா, உண்டு. ஹைஸ்பீட் ஸ்டீல் பிட் என்றால் ஒரு சட்டம் முடிவதற்குள் மழுங்கிவிடும். கார்பைடு தாக்குப்பிடிக்கும், அதுவும் மழுங்கத்தான் செய்யும். நேர் பிட் என்றால் வைரத் தகட்டில் (வைரத்தூள் பதித்த தீட்டும் தகடு) தட்டையான முகத்தை நாலு இழுப்பு இழுத்துக் கூராக்கிக்கொள்ளலாம். வெளி வளைவைத் தீட்டினால் பிட்டின் விட்டமே குறைந்துவிடும், தட்டை முகத்தை மட்டும்தான். முறுக்கு பிட்டை வீட்டில் தீட்ட வழியில்லை.

மரத்தில் ஆணி. பழைய மரம் வாங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு சட்டத்தின் மேலும் மெதுவாக ஓட்டினேன். எட்டுச் சட்டத்தில் மூன்று இடத்தில் காந்தம் திரும்பியது. தலை முறிந்த ஆணிகள், மேலே ஒரு அடையாளமும் இல்லை. கார்பைடு வெட்டுவாய்க்கு ஆணி பட்டால் அன்றோடு சரி.

இனி கைடு. என் ட்ரிம்மர் மகிட்டா 3709. 530 வாட், வேகம் மாற்ற முடியாது. கூடவே வரும் நேர் கைடில் ஒரு 12 மி.மீ. பலகைத் துண்டைத் திருகி நீளமாக்கிக்கொண்டேன். கைடை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. நம்மை விட்டு முன்னோக்கித் தள்ளும்போது பிட்டின் முன்முகம் மரத்தை வலது பக்கம் அடிக்கும், அதற்கு எதிர்வினையாக இயந்திரம் இடது பக்கம் ஓடப் பார்க்கும். கைடு வலது பக்கம் இருந்தால் அந்த ஓட்டமே கைடை மரத்தோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடது பக்கம் வைத்தால் கைடு மரத்தை விட்டு விலகும், காடி பாம்பாக நெளியும்.

முதல் சோதனையை வேறு வழியில்தான் செய்தேன். பலரும் சொல்லித்தருகிற வழி அது: காடி நடுவில் வர வேண்டும் என்று ஒரு முகத்தில் கைடை வைத்து ஓட்டி, சட்டத்தைத் திருப்பி மறுமுகத்தில் கைடை வைத்து இன்னொரு ஓட்டம். நடு தானாக அமையும், அகலமும் கூடும். வீணான துண்டில் அருமையாக 5.8 வந்தது. இரண்டாவது துண்டில் 5.5. பலகை உள்ளே போகவே இல்லை. ரொம்ப நேரம் பிட்டையும் காலெட்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டத்தின் கனத்தை அளந்தால் ஒன்று 25.0, மற்றது 25.3. திருப்பிப் போடும் முறையில் அகலத்தை முடிவு செய்வது மரத்தின் கனம். மரம் 0.3 கூடினால் ரெண்டு ஓட்டத்துக்கும் இடையிலான நகர்வு 0.3 குறையும், காடியும் அவ்வளவு குறையும். மெஷினில் ஒரே சீராக இழைத்த மரத்துக்கு இந்த முறை சரி. கையால் இழைத்த பழைய தேக்குக்குச் சரிவராது.

ஆகவே திருப்புவதை விட்டுவிட்டேன். எல்லாச் சட்டத்திலும் முகப்புப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கைடை எப்போதும் அந்த முகத்திலேயே வைத்தேன். காடி துல்லியமாக நடுவில் இல்லாவிட்டால் என்ன? எட்டுச் சட்டத்திலும் முகப்பிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும், கதவின் முன்பக்கம் சமமாக வரும். கனத்தில் உள்ள வித்தியாசம் பின்பக்கம் போய்ச் சேரும், அங்கே ரெண்டு இழைப்பு இழைத்துக்கொள்ளலாம்.

அகலத்துக்கு ஒரு தகடு. 5 மி.மீ. பிட், 5.8 காடி, 0.8 மி.மீ. கனத்தில் சீரான பட்டை ஒன்று வேண்டும். வீட்டிலேயே கிடந்தது: சமையலறை வேலையில் மிஞ்சிய 0.8 மைகாத் துண்டு. வெர்னியரில் 0.78. மைகா நசுங்காது, நெளியாது, வழுவழுவென்று மரத்தின் மேல் வழுக்கிப் போகும். இதைவிட நல்ல தகடு எனக்குத் தெரியாது. முதலில் இரட்டைப் பசை டேப்பால் கைடின் முகத்தில் ஒட்டினேன், காடி 5.9 வந்தது. டேப்பின் கனம் 0.1 மி.மீ. கூடச் சேர்ந்துவிட்டது. அதைப் பிய்த்துவிட்டு, மைகாவின் ரெண்டு முனையையும் மட்டும் மாஸ்கிங் டேப்பால் கைடின் பின்பக்கம் இழுத்துக் கட்டினேன். 5.8.

இப்போது முக்கியமான இடம். தகட்டோடு முதல் ஓட்டம், தகடு இல்லாமல் இரண்டாவது ஓட்டம். இந்த வரிசை மாறக் கூடாது. தகடு இருக்கும்போது இயந்திரம் வலது பக்கம் 0.8 நகர்ந்திருக்கும். எடுத்துவிட்டால் பிட் இடது பக்கம் நகர்ந்து காடியின் இடது சுவரைச் சீவும். முன்னோக்கித் தள்ளும்போது இடது சுவரைச் சீவினால் பிட் நம் தள்ளலை எதிர்த்து நிற்கும், கைக்கு அடங்கும். வரிசையை மாற்றி முதலில் தகடு இல்லாமல் ஓட்டிவிட்டு அப்புறம் தகடு போட்டால் வலது சுவரைச் சீவ வேண்டிவரும். அந்தப் பக்கத்தில் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு சக்கரம் மாதிரி முன்னால் ஓடும், இயந்திரம் கையை இழுத்துக்கொண்டு பாயும். 0.8 மி.மீ.தானே என்று நினைக்க வேண்டாம். 25 மி.மீ. விளிம்பின் மேல் நிற்கும் ட்ரிம்மர் ஒரு தடவை துள்ளினால் காடியின் உதடு போய்விடும்.

25 மி.மீ. விளிம்பில் ட்ரிம்மர் ஆடாமல் நிற்க, சட்டத்தின் இடது பக்கம் அதே உயரத்துக்கு ஒரு பழைய பலகையைச் சேர்த்து வைஸில் பிடித்தேன். மேல்விளிம்பு ரெண்டும் ஒரே மட்டம். வலது பக்கம் கைடுக்கு விட்டாயிற்று.

ஆழம் 9.5 மி.மீ. ஒரே ஓட்டத்தில் 5 மி.மீ. பிட்டை அவ்வளவு இறக்கினால் முறியும். பிட்டின் விட்டத்தில் பாதி, அதாவது 2.5, என்பதுதான் நான் வைத்துக்கொள்ளும் எல்லை. 2.5, 5, 7.5, 9.5 என்று நான்கு இறக்கம், எல்லாம் தகட்டோடு. எட்டுச் சட்டத்தையும் ஒரு ஆழத்தில் முடித்துவிட்டுத்தான் அடுத்த ஆழத்துக்குப் போனேன். கடைசி ஆழத்தில் பிட் நிற்கும்போதே தகட்டை எடுத்துவிட்டு, அகலப்படுத்தும் ஓட்டத்தை ஒரே தடவையில் முழு ஆழத்துக்கு ஓட்டினேன். சுவரில் 0.8 மட்டும் சீவுவதால் பிட்டுக்குச் சுமை இல்லை. ஆழத்தைத் திரும்பத் திரும்ப மாற்றாததால் காடியின் அடியில் படிக்கட்டும் விழவில்லை. ரெண்டு கதவுக்கும் சேர்த்துக் காடி சுமார் 5 மீட்டர், ஐந்து ஓட்டம் என்றால் பிட் 25 மீட்டர் தேக்கைத் தின்றிருக்கிறது. இருபதாவது மீட்டர் வாக்கில் வாசனை மாறியது. பதனிட்ட தோல் மாதிரியான தேக்கு வாசனை போய் லேசான கரிவாடை. நிறுத்தி, வெட்டுவாயில் ஒட்டியிருந்த பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வைரத் தகட்டில் தீட்டியதும் சரியானது.

மூலைகளுக்குக் குறுக்குச் சட்டத்தின் முனையில் அதே 5.8 மி.மீ. கனத்தில் நாக்கு எடுத்து, அதே காடிக்குள் இறக்கினேன். நடுவில் இருப்பது பிளைவுட் என்பதால் பலகையையும் சேர்த்துப் பசை போட்டேன், மூலைக்கு அதுவே பலம். நடுவில் முழு மரப்பலகை இருந்திருந்தால் பசையே போடக் கூடாது. தேக்கு அடக்கமான மரம்தான், ஆனாலும் ஐப்பசி மழைக்கும் பங்குனி வெயிலுக்கும் இடையே அகலவாக்கில் கூடிக் குறையும். பசையால் கட்டிவிட்டால் வெடிக்கும்.

காடிக்கென்றே பக்கவாட்டில் வெட்டும் வட்ட பிட் ஒன்று உண்டே, அதைப் போடக் கூடாதா என்று ஆசாரி அண்ணனின் பையன் கேட்டான். தட்டையான பல்சக்கரமும் கீழே ஒரு பேரிங்கும் கொண்டது. நல்ல கருவி. ட்ரிம்மர் சட்டத்தின் அகலமான முகத்தில் படுத்து ஓடும், ஆட்டம் கிடையாது; ஆழத்தை பேரிங்கே பார்த்துக்கொள்ளும். சக்கரம் 47.6 மி.மீ., பேரிங் 28 மி.மீ. என்றால் ஆழம் 9.8. அகலத்துக்கு 4 மி.மீ. சக்கரத்தைப் போட்டு உயரத்தை ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் அதை என் ட்ரிம்மரில் போட மாட்டேன். 47.6 மி.மீ. சக்கரம் 30,000 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் நொடிக்கு 75 மீட்டர் வரும். அந்த அளவுச் சக்கரத்தை 18,000 சுற்றுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. வேகத்தைக் குறைக்க வசதியுள்ள அரை அங்குல ரவுட்டர் (ட்ரிம்மரின் பெரிய அண்ணன்) வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் வளைந்த சட்டத்துக்கும் ஏற்கெனவே பூட்டிய சட்டத்துக்கும், அதுதான் சிறந்த வழி.

அலமாரியின் உள்ளே 18 மி.மீ. தட்டுகள் உட்காரும் காடிக்கும் இதே கதைதான். தட்டு 17.3 இருந்தது. அங்கே தகடு வைக்கவில்லை. தட்டுப் பலகையின் துண்டையே ரெண்டு வழிகாட்டிப் பலகைக்கு நடுவில் நெருக்கி வைத்து, அவற்றைக் குறுக்குப் பட்டையில் திருகி, பிறகு துண்டை உருவிவிட்டேன். நடுவில் இருக்கும் சந்து சரியாகப் பலகையின் கனம். மேலே பேரிங் வைத்த 12 மி.மீ. பிட்டை அந்தச் சந்துக்குள் ரெண்டு பக்கமும் உரசி ஓட்டினால் முடிந்தது, அளவுகோலே வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எளிதாகக் கிடைக்கும் பேரிங் பிட்களின் வெட்டுவாய் 25 மி.மீ. நீளம். வழிகாட்டி 12 மி.மீ. பலகையாக இருந்தால் பேரிங் அதற்கு மேலேயே நின்றுவிடும், வெட்டுவாய் வழிகாட்டியையே தின்றுவிடும். நான் 18-ம் 12-ம் ஒட்டி 30 மி.மீ. கனத்தில் செய்தேன். பிளைவுட்டின் குறுக்கே வெட்டும்போது மேல் தோல் சிராய் கிளம்பும் என்பதால் சந்தின் ஓரத்தைக் கத்தியால் ஒருமுறை ஆழக் கீறிவிட்டுத்தான் ஓட்டினேன்.

ஒரு கதவில் கண்ணாடி போடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். 4 மி.மீ. கண்ணாடியும் காடிக்குள் இறங்கும்தான். ஆனால் உடைந்தால் சட்டத்தையே பிரிக்க வேண்டும். கண்ணாடிக்குக் காடி வேண்டாம், பின்பக்கம் திறந்த படி எடுத்து பீடிங் (மெல்லிய மரப்பட்டை) அடிப்பதுதான் முறை.

பலகைக்கு பாலிஷ் முதல் பூச்சை முன்னாலேயே அடித்துவிட்டேன், காடிக்குள் போகும் ஓரம் மட்டும் டேப் ஒட்டி விட்டுவைத்தேன். அங்கே பாலிஷ் ஏறினால் பசையும் பிடிக்காது, 5.8-ல் இருந்த அந்த ஒரு இழை இடமும் அடைபட்டுவிடும். பசை தடவி இறக்கும்போது ரெண்டு கதவிலும் எங்கேயும் கொட்டாப்புளி தேவைப்படவில்லை. அந்த 5.75 மூலையில் மட்டும் உப்புத்தாள் ரெண்டு தேய்ப்பு. மறுநாள் கிளாம்பைக் கழற்றி, கதவைத் தூக்கி விரல் முட்டியால் நடுவில் தட்டிப் பார்த்தேன். சட்டமும் பலகையும் ஒரே மரமாகச் சத்தம் கொடுத்தன.

அடுத்தது கீழே உள்ள ரெண்டு டிராயர். அடிப்பலகைக்கு 4 மி.மீ. பிளைவுட் என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அது அளவில் 3.6 இருக்கிறது, அதற்கு 3 மி.மீ. பிட் வேண்டும், 3 மி.மீ. பிட்டைத் தேக்கில் ஓட்ட மனம் வரவில்லை. கதவில் மிஞ்சிய 6 மி.மீ. துண்டுகளே டிராயருக்குப் போதும். ஓரத்தை அளந்தேன், 5.6. டிராயர் பக்கப் பலகை 15 மி.மீ.தான், ஆகவே ஆழம் 5. அதே பிட், அதே மைகாப் பட்டை, ரெண்டு இறக்கம்.